நாற்பத்தோராம் பிரதியின் முதல் தாள்

இயேசு, மரி, சூசை

பதுளை
11.02.2024

அன்புள்ள மாணிக்கராஜ் அண்ணனுக்கு,

நேற்று சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, பதுளை பஸாரில் ஸனூஸ் நானாவின் பழைய புத்தகக் கடையில் இருந்தவர்கள்: நான், உங்கள் மச்சான், மருமகள் நிலக்ஷனா, ஸனூஸ் நானா, அவருடைய மகள் பஹ்மா, மழைக்கு ஒதுங்கிய ஒரு தபால்காரர். மொத்தம் ஆறு பேர். இந்த ஆறு பேர் முன்னிலையில்தான் ‘ஒன்பதாம் நம்பர் மலை’ புத்தகம் என் கைக்கு வந்தது. நாளைக்கு யாரும் நான் கனவு கண்டேன் என்று சொல்லிவிடக் கூடாது.

முழங்கால் எப்படி இருக்கிறது? கோத்தகிரிக் குளிருக்குக் கம்பளிக் காலுறை போடுகிறீர்களா? இங்கே எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடுகிறோம். உங்கள் காதுக்குக் கேட்கும்படி போனில் கத்தினால் பக்கத்து வீட்டார் சண்டையென்று ஓடி வருகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நல்லையா மாஸ்டர் அச்சடித்த பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கும். 1966-ல், முன்கூட்டியே பெயர் கொடுத்த வீடுகளுக்கு மட்டும், நூற்றிருபதே பிரதி. ஒவ்வொன்றிலும் முதல் தாளில் பச்சை மையால் பிரதி எண், வாங்குகிறவர் பெயர், எந்த வரிசை லயம், எந்தக் காம்பரா அறை, தேதி எல்லாம் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே. மூன்று வருஷமாக அதை ஸனூஸ் நானாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று ஒரு மூட்டை பழைய பரீட்சைத் தாளுக்கு அடியிலிருந்து உருவி எடுத்து, “இந்தாங்க அக்கா, இனி என்னய நிம்மதியா கடையத் தொறக்க விடுங்க” என்றார். நான் அட்டையைத் தடவித் தடவிப் பார்த்ததைக் கண்டு உங்கள் மச்சான், “புள்ள பொறந்தப்பகூட இவ மொகம் இப்பிடி மலரல” என்றார். தபால்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் அச்சில் எண் இருக்கிறது: 63. ஆனால் முதல் தாள் இல்லை. பிளேடு வைத்துச் சுத்தமாக வெட்டியிருக்கிறது. ஸனூஸ் நானா சொன்னார்: “கையெழுத்துத் தாள் இல்லாத பிரதி மாப்புள இல்லாத கல்யாணம். இதுக்கு முந்தி எனக்கு வந்த நாலும் இப்பிடித்தான். முழுசா ஒண்டு இருக்குதாண்டே தெரியாது.”

அப்போதே முடிவு எடுத்துவிட்டேன். முழுசாக ஒன்றைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை. நம் வீட்டுப் பிரதி நாற்பத்தொன்று. கப்பலேறும்போது நீங்கள்தான் கொண்டுபோனீர்கள். அதில் “அருளப்பன் அவர்களுக்கு” என்று இருந்ததை ஒன்பது வயதில் பார்த்தேன். செக்ரோல் சம்பளப் பதிவில் அப்பா ஒரு நம்பர். துரை கூப்பிட்டால் “டேய்”. அவருக்கு ‘அவர்கள்’ போட்டு ஒருவர் எழுதியது அந்த ஒரு தாளில்தான். அதை இன்னொரு தரம் பார்க்கவேண்டும்.

தாள் பத்திரமாக இருக்கிறதா? அதை மட்டும் எழுதுங்கள், போதும்.

என்றும் உங்கள் தங்கச்சி,
செபஸ்தியம்மா


கோத்தகிரி
14.03.2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

மாதா உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். கடிதம் பங்குனி பிறக்கும்போது கிடைத்தது. முழங்கால் அப்படியேதான். காலுறை போடுகிறேன். இங்கே இந்த வருஷம் மழை பிந்திவிட்டது. கொழுந்து கருகிக் கிடக்கிறது. மகன் பிரான்சிஸ் திருப்பூர் பனியன் கம்பெனியிலேதான் இருக்கிறான், கிறிஸ்துமசுக்கு வருவான். நான் ஒண்டியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன், ருசி பரவாயில்லை.

நீ புத்தகம் தேடுவது சந்தோஷம். நம் பிரதி நன்றாக இருக்கிறது. பச்சை அட்டை இன்னும் மங்கவில்லை. மச்சானுக்குச் சர்க்கரை இருக்கிறதென்று முன்னே எழுதியிருந்தாய். பாவற்காய் கொடு.

அன்புடன் அண்ணன்,
மாணிக்கராஜ்


இயேசு, மரி, சூசை

பதுளை
07.04.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்களுக்குச் சமாதானம் தருவாராக. பெரிய வியாழன் ஆராதனையில் உங்களுக்காகவும் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தேன். பாவற்காய் கொடுத்தேன். மச்சான் உங்களைத் திட்டினார்.

புத்தகத்துக்கென்று தனி நோட்டு போட்டுவிட்டேன். பிரதி எண், வாங்கியவர், இப்போது வைத்திருப்பவர், அட்டை, தாள் என்று ஐந்து கட்டம். இன்றைய தேதிக்கு ஏழு பிரதி பதிந்திருக்கிறேன். அண்ணே, இந்தத் தேட்டத்தில் இருக்கிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! தெமோதரையில் ஒரு வீட்டில் 18-ஆம் பிரதியை அரிசி வாளிக்குள் பால்மா பையில் சுற்றி வைத்திருந்தார்கள். “பூச்சி வராதுங்க அக்கா, அரிசிக்குள்ள வேப்பெல போட்டிருக்கோம்” என்றாள் அந்த வீட்டுப் பிள்ளை. அட்டை நேற்று அச்சடித்ததுபோல இருந்தது. பையைப் பிரிக்கும்போது நெஞ்சு அடித்த அடியில் ஒரு அருள்நிறை மந்திரம்கூட முழுசாக வரவில்லை.

எல்ல ஊரில் நடந்ததுதான் வேடிக்கை. ஜெயரூபன் என்ற தம்பி வெள்ளைக்காரருக்கு அறை விடுகிறான். வாசல் அலமாரியில் பூச்சாடிக்குக் கீழே பச்சையாக ஏதோ தெரிந்தது.

“தம்பி, அந்தச் சாடிக்குக் கீழ என்ன?”

“அதுவா ஆன்ட்டி? சாடி ஆடுது, அதுக்கு வச்சிருக்கு.”

“அத எடுத்துக் காட்டுங்க.”

“எடுத்தா சாடி ஆடுமே!”

“ஆடட்டும். ஒங்க தாத்தா பேரு என்ன?”

“கந்தப்பன்.”

“அப்ப இது ஒங்க தாத்தா அரைநாள் சம்பளத்தக் குடுத்து வாங்கின புத்தகம். அவரு தலையில பூச்சாடி வச்சிருக்கீங்க.”

அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். சாடியைத் தரையில் வைத்துவிட்டு, புத்தகத்தைச் சட்டையில் துடைத்து, “வித்துடுவோமா ஆன்ட்டி?” என்றான். “வித்தா ஒங்கள நா சும்மா விடமாட்டேன், உள்ளுக்க வைங்க” என்று சொல்லி, எண் 77 என்று பதிந்துகொண்டு வந்தேன். எல்லாவற்றையும் எனக்கே சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று ஆசையில்லை. எது எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் போதும்.

ஆனால் அண்ணே, ஏழிலும் முதல் தாள் இல்லை. ஏழும் பிளேடு வெட்டு. பிள்ளைகள் கிழித்தால் கோணலாகத்தானே இருக்கும்? எனக்குப் பிடிபடவில்லை.

போன கடிதத்தில் அட்டையைப் பற்றி எழுதினீர்கள். நான் கேட்டது தாளை. பிரான்சிஸ் வரும்போது போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம் என்கிறாள் நிலக்ஷனா. கிறிஸ்துமஸ்வரை என்னால் பொறுக்க முடியாது. தாள் இருக்கிறதா, இல்லையா? ஒரு வரி.

உங்கள் தங்கச்சி,
செபஸ்தியம்மா


கோத்தகிரி
16.05.2024

தங்கச்சிக்கு,

மாதா துணை. சுகம். மழை வந்துவிட்டது.

நாற்பத்தொன்றாம் பிரதி என்னிடம் இல்லை. கப்பலில் வரும்போதே தவறிவிட்டது. வேறு எங்காவது தேடிப் பார்.

அண்ணன்,
மாணிக்கராஜ்


இயேசு, மரி, சூசை

பதுளை
14.06.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுக் கோடி அற்புதரான அந்தோனியார் திருநாள். காணாமல்போன பொருளைக் காட்டிக் கொடுப்பவர் அவர்தானே. பூசை முடிந்து வந்து உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன்.

மார்ச் பதினாலாம் தேதிக் கடிதம், இரண்டாம் பத்தி: “பச்சை அட்டை இன்னும் மங்கவில்லை.” மே பதினாறாம் தேதிக் கடிதம்: “கப்பலில் வரும்போதே தவறிவிட்டது.” கடலுக்குள் இருக்கிற அட்டை மங்காமல் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் நாலாம் வகுப்போடு நின்று, ஜெபப் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான். ஆனாலும் தேதி போட்டு வைத்திருப்பவளிடம் பொய் சொல்லலாமா?

கோபத்தில் எழுதவில்லை. காரணம் தெரிந்துவிட்டதென்று நினைக்கிறேன். போன வாரம் ஹல்துமுல்லையில் ரெங்கம்மா என்ற கிழவியைப் பார்த்தேன். எண் 102. அங்கேயும் தாள் இல்லை. “கையெழுத்துப் போட்ட தாள் எங்க?” என்று கேட்டேன். பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

“அது கவர்மெண்டு கச்சேரியில இருக்கு தாயி. பொறந்த துண்டு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்தத் தேதியில இந்த லயத்துல இந்தக் காம்பராவுல இந்த ஆளு இருந்தாருன்னு வாத்தியாரு கையெழுத்துப் போட்ட தாளு அது ஒண்ணுதான் இருந்துச்சு. பெரசா உரிமைக்கு மனுப் போட்டப்ப அதத்தான் வெட்டி வச்சோம். எங்க லயத்துல பதினோரு புத்தகம். பதினொண்ணும் அப்பிடித்தான். அதக் குடுத்துத்தான் நா இந்த நாட்டு ஆளானேன். நீ இப்ப வந்து தாளு எங்கன்னு கேக்குற!”

பஸ்ஸில் வரும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஸனூஸ் நானாவிடம் சொன்னேன். “அப்ப அந்தப் பொத்தகத்த வாசிச்சதவிடக் கூடக் காரியத்துக்கு ஒதவியிருக்கு” என்றார்.

அப்பாவும் நம் தாளை மனுவில் வைத்தாரா? அதைச் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்றுதான் மறைத்தீர்களா? மனு தள்ளுபடியானது தெரியும். தாளும் போய் ஊரும் போனதென்றால் அது உங்கள் குற்றமில்லையே. உள்ளதை எழுதுங்கள். தாள் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று பதிந்துவிட்டு அடுத்த பிரதிக்குப் போவேன்.

உங்கள் தங்கச்சி,
செபஸ்தியம்மா


இயேசு, மரி, சூசை

பதுளை
18.08.2024

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. பிரான்சிஸிடம் நிலக்ஷனா பேசினாள். “அப்பா நல்லாத்தான் இருக்காரு, சும்மா ஒக்காந்திருக்காரு” என்றானாம். உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதற்கு ஆண்டவருக்கு நன்றி.

அப்படியென்றால் எழுத முடியும். இருபத்திரண்டு பிரதி பதிந்துவிட்டேன். உங்களுடையதற்கு மட்டும் கட்டம் காலியாக இருக்கிறது. காலியாக விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

செபஸ்தியம்மா


கோத்தகிரி
09.09.2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

நேற்று மாதா பிறந்தநாள். பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டு, “இதைச் சொல்லவேண்டிய ஆள் நானில்லை, பெரியவரே” என்றார். அதனால் எழுதுகிறேன்.

தாள் இருக்கிறது.

1969-ல் அப்பா மனுப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நம் காம்பராவில் எட்டாவது படித்தவன் நான்தான். “நெரப்புடா. புத்தகத்துல மொதத் தாள வெட்டி ஊசி குத்தி வையி. எல்லாரும் வைக்கிறாங்க” என்று சொல்லிவிட்டுப் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்விட்டார். பிளேடை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்தேன். எனக்குப் பதினெட்டு வயது. அந்தப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே அழகான பொருள் அது. வெட்ட மனம் வரவில்லை. பத்திரம் மட்டும் போதும், அரசாங்கத்துக்குப் பாட்டுப் புத்தகத் தாள் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அப்பா கேட்டார். “வச்சாச்சுப்பா” என்றேன். புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

போதிய அத்தாட்சி இல்லையென்று பதில் வந்தது. மற்றது உனக்குத் தெரியும். நீ கல்யாணமாகி மச்சான் வீட்டில் நின்றுவிட்டாய். எங்களை 1978-ல் இந்தியக் கப்பலுக்கு ரயிலேற்றினார்கள். இந்தக் குளிரில் அம்மா மூன்று வருஷம்தான் இருந்தாள். கடைசி நாளில் உன் பெயரைத்தான் சொன்னாள். அப்பா 1990 வரை இருந்தார். ஒவ்வொரு மழைக்காலமும், “அந்தத் தாளப் பாக்காமலே தூக்கி எறிஞ்சிருப்பானுங்க மாணிக்கம்” என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “ஆமாப்பா” என்பேன்.

நூற்றிருபதில் ஒன்றாவது முழுசாக இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது. ஏன் இருக்கிறதென்று நீ கேட்டுவிடுவாயோ என்றுதான் பயந்தேன். ஊருக்கு ஒருதரம் வரச்சொல்லி எத்தனை கடிதம் எழுதினாய். எந்த முகத்தோடு வருவது?

நீ சொன்னால் தாளை மட்டும் வெட்டி உறையில் வைத்து அனுப்புகிறேன். இத்தனை வருஷம் கழித்தாவது வெட்டிவிடுகிறேன்.

மாணிக்கராஜ்


பதுளை
30.09.2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இப்போது பதில் எழுதினால் நல்லவிதமாக வராது. ஜெபத்தில் இருக்கிறேன்.

செபஸ்தியம்மா


இயேசு, மரி, சூசை

பதுளை
05.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், மன்னியுங்கள்.

கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை. அம்மா என் பெயரைச் சொல்லிச் செத்தாள் என்று நாற்பத்திமூன்று வருஷம் கழித்து எழுதுகிறீர்கள். ஆன்மாக்கள் தினத்தன்று பதுளைச் சேமக்காலையில் அம்மா இல்லாத இடத்தில் அம்மாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். எல்லாரும் அவரவர் கல்லறைக்கு முன்னால் நின்றார்கள். நான் மதிலோரமாக நின்றேன். அன்றைக்கு நீங்கள் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். மச்சான், “வயசான மனுசன், விடு” என்றார். அவரையும் ஏசினேன்.

ஆனால் அதற்கு முந்தியே ஒரு வேலையைத் தொடங்கியிருந்தேன். அக்டோபர் முழுக்க நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் எல்லா வீட்டுக்கும் போனேன். ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: தாளை வெட்டி வைத்தீர்களே, மனு என்ன ஆனது?

இன்றுவரை பதிந்தது இருபத்துநாலு பிரதி. இருபத்துநாலு வீட்டிலும் தாளை வெட்டி மனுவில் வைத்திருக்கிறார்கள். உரிமை கிடைத்தது எட்டு வீட்டுக்கு. மனு என்ன ஆனதென்று சொல்ல மூன்று வீட்டில் ஆளில்லை. மிச்சம் பதின்மூன்று வீட்டுக்கும் போதிய அத்தாட்சி இல்லையென்றே பதில். அந்தப் பதின்மூன்றில் ஒன்பது வீடு உங்களைப்போலவே ரயிலேறியிருக்கிறது. மிஞ்சிய சொந்தக்காரர்தான் புத்தகத்தை வைத்திருக்கிறார்கள். பண்டாரவளையில் சுதர்ஷினி என்ற டீச்சர் சொன்னாள், அவள் தாத்தா மாஸ்டரின் தாள், பள்ளிக்கூடப் பெயர் இடாப்பின் நகல், கோயில் ஞானஸ்நானச் சீட்டு மூன்றையும் சேர்த்து வைத்தாராம். மூன்றும் போதவில்லையாம்.

ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது அண்ணே. தாளை மனுவில் வைத்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்குமா? தெரியாது. எட்டில் ஒன்றாக இருந்திருக்கலாம். பதின்மூன்றில் ஒன்றாகவும் இருந்திருக்கலாம். பதின்மூன்று எட்டைவிடப் பெரிது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதை அப்பாவிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது. உங்களிடம் சொல்லமுடிகிறது.

அப்பாவிடம் பொய் சொன்னது பாவம். அதற்குச் சாமியார் பொறுப்பு. அம்மாவைப் பற்றி இத்தனை வருஷம் எழுதாதது எனக்குச் செய்த பாவம். அதற்கு நான்தான் பொறுப்பு, இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு அழகான தாளை வெட்ட மனம் வராமல்போனதை என்னால் பாவமென்று எழுத முடியவில்லை. அதே தாளைத் தேடித்தானே இந்த வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறினேன். அந்தக் காம்பராவில் அன்றைக்கு என் கையில் பிளேடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். வெட்டியிருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தாளை வெட்டாதீர்கள். தபாலிலும் போடாதீர்கள். அன்றைக்கு வெட்டாததற்குத் திட்டினேன், இன்றைக்கு வெட்டினால் அதைவிடத் திட்டுவேன். புத்தகத்தை முழுசாக, உங்கள் கையால் கொண்டுவாருங்கள். பிரான்சிஸிடம் பேசிவிட்டோம். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அவன் பார்த்துக்கொள்வான். திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்கா. உங்கள் மச்சான் அங்கே நிற்பார். கொழும்பிலிருந்து காலை ரயிலில் பதுளை. ஸனூஸ் நானா, “அந்தத் தாள நா தொட மாட்டன், தூர நிண்டு பாத்தாப் போதும்” என்கிறார். ஜெயரூபன் எல்லவில் அறை தருகிறேன் என்கிறான். அதெல்லாம் வேண்டாம், நம் வீட்டில் இடமிருக்கிறது.

எனக்கு இன்னும் திட்டவேண்டியது பாக்கி இருக்கிறது. உங்களுக்குக் காது கேட்காவிட்டாலும் எழுதிக் காட்டுவேன். திட்டி முடித்த பிறகு அப்பாவின் பெயரை இரண்டு பேருமாகப் பார்ப்போம்.

எந்தத் தேதியில் வருகிறீர்கள்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
செபஸ்தியம்மா